முனியப்பன் வீட்டுத் தூக்குவாளி

எங்க ஏரியாவுக்குப் பேரு கிரீன் சிட்டி. பச்சைன்னு பார்த்தா முனியப்பன் அண்ணன் வீட்டு முருங்கை மரம் ஒண்ணு, ஓடைக்குள்ள மண்டிக் கிடக்கிற சீமைக்கருவேலம். சிட்டியை இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். திண்டுக்கல்லுல இருந்து எரியோடு போற ரோட்டுல, டவுன் பஸ்ஸு திரும்புற இடத்துல இறங்கி உள்ள நடந்து வரணும். கடலைக்காடாக் கிடந்த இடம். ஒரு மகராசன் கல்லு நட்டு, கலர் கொடி கட்டி, பிளாட்டு பார்க்க வந்தவுகளை வேன்ல ஏத்தியாந்து பந்தலுக்கடியில உக்கார வச்சு பிரியாணி போட்டான். எங்க ஊர்க்காரவுகளைப் பத்தி அவனுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. சாப்பிட்ட கையைக் கழுவுறதுக்குள்ள பாதிப் பேரு சரின்னு தலையாட்டிட்டோம். தண்ணி வருமா, சாக்கடை உண்டான்னு ஒருத்தரும் கேக்கல. எங்க வீட்டுக்காரரு பாண்டியராஜ் கேட்ட ஒரே கேள்வி, இன்னொரு பீஸ் கிடைக்குமான்னுதான்.

அப்படிச் சேர்ந்த கூட்டம்தான் நாங்க. எரியோட்டுப் பக்கம் தோட்டத்தை வித்துட்டு வந்தவுக, பேகம்பூர்ல ஒரே வீட்டுக்குள்ள மூணு குடும்பமா நெருக்கிக்கிட்டு இருந்து இடம் பத்தாம வந்தவுக, சர்ச்சுக்குப் பக்கமா இருக்குன்னு நம்பி வந்து இப்ப ஞாயித்துக்கிழமை ஆட்டோ தேடுறவுக, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளிக் கமிஷன் பார்க்கிற 'ஏனுங்க' வீட்டுக்காரவுக, டைல்ஸ் ஒட்ட வந்து அப்படியே தங்கிட்ட பீகார்ப் பையன்க. இந்த ஊர்க்காரவுகன்னு சொல்லிக்க இங்க ஒரு ஆளு கிடையாது. விடியக்காலம் முதல்ல பாங்கு கேக்கும். அப்புறம் சர்ச்சு மணி. அப்புறம் மாரியாத்தா கோயில் மைக்செட்டு. மூணும் ஓஞ்ச பிறகு செபாஸ்தியம்மா வாசல்ல நின்னுக்கிட்டு, குப்பை வண்டி ஏன் இன்னும் வரலைன்னு கேக்கும். எல்லாத்தையும் விட அதுதான் தெளிவாக் கேக்கும்.

செபாஸ்தியம்மாவைப் பத்திச் சொல்லத்தான் உக்காந்தேன். அறுபது தாண்டிருச்சு. புருசன் போயிச் சேர்ந்தாச்சு, மகன் செழியன் சென்னையில. பள்ளிக்கூடத்துச் சத்துணவுல பொங்கிப் போட்டே காலத்தை ஓட்டி ரிட்டயர் ஆன பொம்பள. ரிட்டயர் ஆனது வேலைதான், வாய் ஆகல. யார் வீட்டுக் கொழம்பா இருந்தாலும் ஒரு சொட்டு உள்ளங்கையில வாங்கி நக்கிப் பார்த்துட்டு உப்பு கூடவா கம்மியான்னு தீர்ப்புச் சொல்லிரும். சமைச்சவ மூஞ்சியைப் பார்க்கிற பழக்கமே கிடையாது. ஒரு தடவை நான் கொண்டு போன காரக்கொழம்பை, இதை உப்பு போட்டு வச்சியா உப்பளத்துல வச்சியான்னு கேட்டுச்சு. ஒரு வாரம் நான் அந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்கல.

ஏங்க்கா இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றீகன்னு அப்புறம் ஒரு நாளு கேட்டேன். அதுக்கு அந்தம்மா, பசியோட வர்ற பிள்ளை தட்டுல போட்டதைத் தின்னுட்டுப் போயிரும், உப்பு இல்லைன்னு வாயைத் திறக்காது, நாமதான் ருசி பார்த்துச் சொல்லணும், அதுல பொய் சொன்னா அந்தச் சோத்துக்கே துரோகம்னு சொல்லுச்சு. சத்துணவுல சரி, என் வீட்டுக் காரக்கொழம்புல எந்தப் பிள்ளை பசியோட வந்துச்சுன்னு கேக்க நினைச்சேன். கேக்கல.

இனி தூக்குவாளி. இங்க முதல் வீடு கட்டினது முனியப்பன் அண்ணன்தான். பால் காய்ச்சுன அன்னைக்கு, பிளாட்டு வாங்குன அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்குவாளி கொடுத்தாரு. மூடி மேல 'முனியப்பன் – முத்துப்பேச்சி, புதுமனை புகுவிழா'ன்னு புள்ளி புள்ளியாப் பேரு வெட்டியிருக்கும். ஆக, எல்லா வீட்லயும் ஒரே தூக்குவாளி, எல்லாத்துலயும் அவரு பேரு. பந்தியில பாத்திரம் மாறுனா யாருதுன்னு சொல்ல ஆண்டவனாலயும் ஆகாது.

அந்தத் தூக்குவாளியில ஒண்ணு எதிரெதிர் வீடான செபாஸ்தியம்மாவுக்கும் ஷரீஃபாக்காவுக்கும் நடுவுல போக வர இருந்துச்சு. ஷரீஃபாக்கா பேகம்பூர்க்காரவுக. வீட்டுக்காரரு முகமது பாரூக் பாய்க்கு அங்க சின்னதா ஃபேன்ஸி கடை. பெருநாளைக்கு ஷரீஃபாக்கா வீட்ல இருந்து பிரியாணி போகும். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுசாத் திருப்பக் கூடாதே, ஒண்ணும் இல்லாட்டி ஒரு கை சீனியாவது போடணுமே. அதனால செபாஸ்தியம்மா வீட்ல இருந்து அதிரசம் வரும். அதிரசம் வந்த பாத்திரத்தை மட்டும் வெறுசா அனுப்ப முடியுமா, நோன்புக் கஞ்சி போகும். கஞ்சிக்குப் பதிலா கொழுக்கட்டை, கொழுக்கட்டைக்கு வட்டிலாப்பம். இதுல வேடிக்கை என்னன்னா, அது யாரு பாத்திரம்னு கேட்டா செபாஸ்தியம்மா ஷரீஃபாவோடதுன்னு சொல்லும், ஷரீஃபாக்கா அந்தம்மாவோடதுன்னு சொல்லும். அடுத்தவ பாத்திரத்தை வீட்ல வச்சுக்கிட்டா என்ன நினைப்பாகன்னு ரெண்டு பேருக்கும் பதட்டம். அதனால அந்தத் தூக்குவாளி எந்த அடுப்பங்கரையிலயும் ஒரு வாரம் சேர்ந்தாப்ல இருந்தது கிடையாது.

நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. ஷரீஃபாக்கா மக ருக்ஸார் நிக்காஹ்ல வந்துச்சு வினை. பேகம்பூர்ல மண்டபம், சீரகசம்பா பிரியாணி. அதுக்கு ஷரீஃபாக்கா விடிய விடிய அண்டா பக்கத்துலயே நின்னு, சமையல் பண்டாரியை நச்சரிச்சு, தானே உப்புப் பார்த்து இறக்கச் சொல்லுச்சு. பந்தியில செபாஸ்தியம்மா ஒரு வாய் வச்சுச்சு. மென்னுச்சு. அப்புறம் பக்கத்துல உக்காந்திருந்த அம்மாகிட்ட, எல்லாம் அருமை, உப்பு மட்டும் ஒரு கல்லு கம்மின்னு சொல்லுச்சு. அந்தப் பக்கத்து அம்மா யாருன்னா மாப்பிள்ளையோட தாயாரு. சம்பந்தியம்மா.

திண்டுக்கல்லுல ஒரு பொம்பளையைப் பார்த்து நடத்தையைச் சொல்லலாம், நகையைச் சொல்லலாம். பிரியாணியைச் சொல்லக் கூடாது. அதுவும் சம்பந்திகிட்ட. சம்பந்தியம்மா போகும்போது சிரிச்சுக்கிட்டே, உப்பு கொஞ்சம் பார்த்திருக்கலாமேன்னு கேட்டுட்டுப் போயிருச்சு. அன்னைக்கு நின்னுச்சு ரெண்டு வீட்டுக்கும் பேச்சு.

பேச்சு நின்னுச்சு. தூக்குவாளி நிக்கல. அன்னைக்குன்னு பார்த்து அது ஷரீஃபாக்கா வீட்ல, செபாஸ்தியம்மா கொடுத்துவிட்ட முறுக்கோட இருந்துச்சு. வெறுசாத் திருப்பினா உறவு வேணாம்னு முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆயிரும். அம்புட்டு தூரம் போக ஷரீஃபாக்காவுக்கு மனசு வரல. நிறைச்சு அனுப்புச்சு. நிறைச்சு வந்ததை வெறுசா அனுப்ப செபாஸ்தியம்மாவுக்கும் மனசு வரல. சண்டை போட்டவுக ரெண்டு பேரும் மூணு வருஷமா மாத்தி மாத்திப் பலகாரம் சுட்டு அனுப்புறாக, பேசத்தான் மாட்டாக. தூக்கிட்டுப் போறது யாரு? ரெண்டு வீட்டுக்கும் பக்கத்துல குடியிருந்த பாவத்துக்கு நான்.

அதுலயும் என்ன கூத்துங்கிறீக. இந்த ரெண்டு மூணு வருஷமா நோன்பும் தவக்காலமும் ஒண்ணுபோல வருது. தவக்காலத்துல செபாஸ்தியம்மா கவுச்சி தொடாது. ஷரீஃபாக்கா அதுக்குன்னு தனியா ஒரு சட்டியில கறி போடாம கஞ்சி காய்ச்சி என் கையில கொடுத்து, கறி போடலைன்னு சொல்லிரு, நான் சொன்னேன்னு சொல்லாதன்னு சொல்லும். பின்ன யாரு சொன்னதா நான் சொல்றது, கஞ்சி தானாச் சொல்லுச்சுன்னா? இந்தப் பக்கம் செபாஸ்தியம்மா கிறிஸ்துமஸுக்குக் கோழி எடுக்க வெயில்ல ஹலால் பண்ற பாய் கறிக்கடை வரைக்கும் நடக்கும். பக்கத்துலயே கடை இருக்கேக்கான்னா, அங்க எடுத்தா அவுக வீட்ல சாப்பிட மாட்டாகல்லன்னு சொல்லும். எவுக வீட்லன்னு பேரைச் சொல்லாது. எனக்கு வர்ற கோவத்துக்கு ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டிரலாம்னு தோணும். எங்க ஊருப் பூட்டாப் பார்த்துப் போட்டா திறக்க நாளாகும்.

போன மார்கழியில பாரூக் பாய் சேதி சொன்னாரு. மகன் திருப்பூர்ல வீடு கட்டிட்டான், கூப்பிடுறான். கால் முட்டி கடை ஏற விட மாட்டேங்குது. பொங்கல் கழிச்சு இங்க வீட்டைக் கொடுத்துட்டுக் கிளம்புறோம்னாரு. தூக்குவாளி அப்ப ஷரீஃபாக்கா வீட்ல. கிறிஸ்துமஸ் கோழிக் கொழம்போட போனது, இன்னும் திரும்பல.

அன்னைக்குச் சாயங்காலமே செபாஸ்தியம்மா என்னைக் கூப்பிட்டு உக்கார வச்சுச்சு. அவரைக்காய் நறுக்கிக்கிட்டே பாத்திரம் வந்துச்சான்னு கேட்டுச்சு. வரலைன்னேன். மறுநாளும் கேட்டுச்சு. அதுக்கு மறுநாளு அரிவாமணையைத் தள்ளி வச்சுட்டு என் கையைப் பிடிச்சுக்கிருச்சு.

"வெறும் பாத்திரமா வந்துருமோன்னு பயமா இருக்கு புவனா. சாமான் கட்டுற வீட்ல அடுப்பு எரியாது. கழுவித் துடைச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டான்னா, அம்புட்டுத்தான். எனக்கு இந்தத் தெருவுல வேற யாரு இருக்கா?"

எனக்குச் சுருக்குன்னுச்சு, பக்கத்துலயே நான் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துக் கோவிச்சுக்க முடியல. போயி ஒரு வார்த்தை பேசிருங்கக்கா, நாலு எட்டு வைக்கணும், அம்புட்டுத்தானேன்னேன். பேசலாம், பேசுனா உப்பு சரியா இருந்துச்சுன்னு சொல்லணும், இல்லையே, கம்மிதானேன்னுச்சு. தலையில அடிச்சுக்கிட்டு எந்திரிச்சேன்.

ஷரீஃபாக்கா மட்டும் என்ன லேசா? சாமான் கட்ட ஒத்தாசைக்குப் போனப்ப பேச்சை எடுத்தேன். ஊரை விட்டே போறேன், அந்தம்மா ஒரே ஒரு தடவை வந்து உப்பு சரியா இருந்துச்சுன்னு சொல்லட்டும், அம்புட்டையும் மறந்துருறேன்னு சொல்லுச்சு. சொல்லலைன்னான்னு கேட்டேன். அக்கா பரண்ல ஏறி சாமானை இறக்க ஆரம்பிச்சிருச்சு.

அப்ப அங்க இருந்து ஒரு தூக்குவாளி இறங்குச்சு. முனியப்பன் – முத்துப்பேச்சி. ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கூடக் கிழியல. இது என்னோடது, புழங்கவே இல்லைன்னு ஷரீஃபாக்கா அதைத் துணியில சுத்துச்சு. சமையக்கட்டு மேடையில இன்னொண்ணு இருந்துச்சு, அதுதான் நான் சுமந்துக்கிட்டுத் திரியிற தூக்குவாளி. சரி, அப்ப அது செபாஸ்தியம்மாவோடதுதான்னு நினைச்சுக்கிட்டு வெளிய வந்தேன். வந்து அந்தம்மா வீட்ல புளி கேட்டா, அது ஒரு தூக்குவாளியைத் திறந்து எடுத்துக் கொடுக்குது. மூடியில முனியப்பன் – முத்துப்பேச்சி. எப்பருந்துக்கா இதுல புளி போட்டு வச்சிருக்கீகன்னு கேட்டேன். அவரு கொடுத்த நாள்ல இருந்துன்னு சொல்லுச்சு.

வீட்டுக்கு வந்து பரணை உருட்டினேன். அம்மா வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கயும் இல்ல. செத்த நேரம் கழிச்சுத்தான் உறைச்சுச்சு. குடி வந்த முதல் பொங்கலுக்கு நான் செபாஸ்தியம்மாவுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துவிட்டிருக்கேன். என் கைப்பிள்ளையைப் பார்க்கிற அவசரத்துல யாருகிட்டயோ கொடுத்துவிட, அந்தம்மா அதை எதிர் வீட்டுப் பாத்திரம்னு நினைச்சு, நிறைச்சு அங்க அனுப்பியிருக்கணும். அன்னைக்குப் போன தூக்குவாளி அது. இம்புட்டு வருஷமா என் பாத்திரத்தை நானே ரெண்டு பேருக்கும் சுமந்துட்டு, பத்திரம் பத்திரம்னு வேற சொல்லியிருக்கேன். என்னைய மாதிரி ஒரு மக்கு இந்த கிரீன் சிட்டியில உண்டா? நேரே போயி ரெண்டு பேரு முன்னாலயும் என் பாத்திரத்தைக் கொடுங்கடின்னு கேட்டு வாங்கிரணும்னு செருப்பு மாட்டிட்டேன். வாசல் வரைக்கும் போனேன். கேட்டு வாங்கிட்டா, அப்புறம் இவுக எதைத் திருப்பிக் கொடுப்பாக? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்துட்டேன்.

கிளம்புற அன்னைக்குக் காலையில குட்டியானை வண்டி வந்து நின்னுச்சு. கட்டில், பீரோ, பிரிட்ஜு எல்லாம் ஏத்தியாச்சு. செபாஸ்தியம்மா கதவைத் திறந்து போட்டு, வாசல்ல சேரைப் போட்டு, பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுப் படிச்சுக்கிட்டு இருந்துச்சு. பாரூக் பாய் கடைசியா கேஸ் அடுப்பைத் தூக்கி வண்டியில வச்சாரு. வச்சதை ஷரீஃபாக்கா இறக்கச் சொல்லுச்சு. டிரைவர் நேரமாச்சுங்கிறாரு, பாய் கெஞ்சுறாரு, அக்கா காதுல வாங்கல. காலி வீட்டுத் தரையில அடுப்பை வச்சு, கட்டுன மூட்டையைப் பிரிச்சுச் சீரகசம்பாவை எடுத்து, பாயைக் கறிக்கடைக்கு விரட்டி விட்டுருச்சு. தெருவே வாசலுக்கு வந்திருச்சு. ஏனுங்க வீட்டம்மா, பயணத்துக்குக் கட்டுச்சோறுங்களான்னு என்கிட்டக் கேட்டாக. தம் உடைச்ச வாசனை எதிர் வீட்டுக்குப் போறது தெரிஞ்சுச்சு. பேப்பர் அசையல.

தூக்குவாளி நிறைய அள்ளி என் கையில கொடுத்துச்சு ஷரீஃபாக்கா. நான் ரோட்டைத் தாண்டி செபாஸ்தியம்மா மடியில வச்சேன். அந்தம்மா மூடியைத் திறந்துச்சு. நிறைஞ்சு வந்திருந்ததைப் பார்த்ததும் கண்ணு கலங்கிருச்சு. ஒரு வாய் எடுத்து வச்சுச்சு. மென்னுச்சு. நான் அந்த முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கேன். சாப்பாட்டைப் பத்தி அந்த முகம் எதையும் மறைச்சு நான் பார்த்ததில்ல. அன்னைக்கு ஒண்ணும் தெரியல.

சேரை விட்டு எந்திரிச்சுச்சு. கையைச் சேலையில துடைச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டுச்சு. மூணு வருஷத்துல முதல் தடவை. வண்டிக்குப் பக்கத்துல நின்ன ஷரீஃபாக்கா முன்னால போயி நின்னுச்சு.

"உப்பு சரியா இருக்கு ஷரீஃபா."

ஷரீஃபாக்கா அந்தம்மாவையே பார்த்துச்சு.

"உப்பு ஜாடி மூட்டைக்கடியில போயிருச்சுக்கா. நான் உப்பே போடல."

"தெரியும்டி," ன்னுச்சு செபாஸ்தியம்மா.

அப்புறம் ரெண்டும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நடு ரோட்டுல அழுத அழுகையில, டிரைவர் வண்டியை ஆஃப் பண்ணிட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. நான் அந்தம்மா வாசலுக்கு வந்து, சேர்ல இருந்த தூக்குவாளியில ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். சப்புன்னு இருந்துச்சு. சத்துணவுப் பிள்ளைகளுக்குக் கூட உப்புல பொய் சொல்லாத பொம்பள.

வண்டி கிளம்பும்போது ஷரீஃபாக்கா எட்டிப் பார்த்து, பாத்திரம் உங்களோடதுதானே, வச்சுக்கங்கக்கான்னுச்சு. என்னோடது இல்ல, உன்னோடதுன்னு செபாஸ்தியம்மா. வண்டி நகர நகர ரெண்டும் இதுக்கு வாக்குவாதம் பண்ணுச்சுக. நான் வாயைத் திறக்கல.

நோன்பு ஆரம்பிச்ச வாரம் நானும் செபாஸ்தியம்மாவும் திருப்பூர் பஸ்ஸுல போறோம். அந்தம்மாவுக்குத் திருப்பூர்ல வழி தெரியாதாம், எனக்கு மட்டும் எங்க மாமியார் வீடு அங்கயா இருக்கு? ஆனாலும் வந்திருக்கேன். அதிரசம் நிறைச்ச தூக்குவாளியை மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கு. ஒட்டன்சத்திரத்துல ஏறுன ஒரு அம்மா மூடியைப் படிச்சுட்டு, ஏனுங்க, முனியப்பன்கிறது உங்க வீட்டுக்காரருங்களான்னு கேட்டாக. இல்லம்மா, இது என் சிநேகிதி வீட்டுப் பாத்திரம், திருப்பிக் கொடுக்கப் போறேன்னு சொல்லுச்சு செபாஸ்தியம்மா. அப்புறம் என் பக்கம் திரும்பி, வெறுசாவா கொடுக்க முடியும், நீயே சொல்லுன்னுச்சு.

முடியாதுதான்க்கான்னு சொன்னேன்.